கயிறு பிடிப்பவரின் கடமை

மன்னார் வளைகுடாவில் முத்துக்குளிப்பு நடைபெற்ற நாட்களில், கடலில் மூழ்கும் குளியாளி தம் உயிரை இரண்டு பொருள்களிடம் ஒப்படைத்தார். ஒன்று, அவரை அடித்தளத்திற்கு இழுத்துச் செல்லும் கல். மற்றொன்று, அவரை மேலே கொண்டுவரும் கயிறு. கல்லின்மீது காலை ஊன்றி, மூச்சை அடக்கி, 5 பாகம் முதல் 10 பாகம் வரை ஆழமுள்ள பாரில் இறங்கி, ஏறக்குறைய ஒரு நிமிட நேரம் சிப்பிகளை வாரிக் கூடையில் இட்டுவிட்டுக் கயிற்றை அசைப்பார். அசைவை உணர்ந்த கணமே வள்ளத்தில் நிற்பவர் இழுத்தாக வேண்டும். அந்தக் கணத்தில் அவர் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தால் என்ன ஆகும்? பக்கத்து வள்ளத்தாரோடு வாய்ச்சண்டையில் இருந்தால் என்ன ஆகும்? கீழே இருப்பவரின் மூச்சு அத்துடன் முடிந்துவிடும். ஆகையால்தான் கயிறு பிடிக்கும் வேலையை மனைவியின் உடன்பிறந்தானிடம் கொடுப்பார்கள் என்று இக்கரையில் சொல்லும் வழக்கம் உண்டு. தங்கையின் தாலி தன் கையில் இருக்கிறது என்பதை அறிந்தவன் கயிற்றை நழுவவிடமாட்டான் என்பது அதன் கருத்து. எல்லா வள்ளங்களிலும் மைத்துனனே கயிறு பிடித்தான் என்று சொல்வதற்கில்லை. ஆயினும், ஒருவர் மூச்சு மற்றொருவர் கையில் இருக்கும் தொழிலில், நம்பத்தக்கவர் யார் என்ற கேள்வி எவ்வளவு பெரிய கேள்வியாக இருந்தது என்பதை அந்தப் பேச்சு காட்டுகிறது.

1961ஆம் ஆண்டிற்குப் பின் தூத்துக்குடிப் பார்களில் முத்துச் சலாபம் நடைபெறவில்லை. சங்கு குளிப்போர் இன்றும் இருக்கிறார்கள். ஆனால் நான் இன்று பேச எடுத்துக்கொண்ட பொருள் முத்துமன்று, சங்குமன்று. 2020ஆம் ஆண்டில் கொரோனா என்னும் கொள்ளைநோய் உலகைச் சூழ்ந்தபோது, நம் ஒவ்வொருவர் கையிலும் முன்பின் அறியாத ஒருவருடைய கயிறு வந்து சேர்ந்தது. அதைப் பற்றியே பேச நினைக்கிறேன்.

அண்மையில் ஒரு கல்லூரியில் நடந்த சொற்போருக்கு நடுவராக இருக்குமாறு என்னை அழைத்திருந்தார்கள். ‘கொள்ளைநோய்க் காலத்தில் முகக்கவசம் அணிவதும் தடுப்பூசி போட்டுக்கொள்வதும் தனிமனிதரின் விருப்பத்திற்கே உரியவை’ என்பது விவாதப் பொருள். ஒட்டிப் பேசிய இளைஞர், “என் உடல் எனக்கு உரியது, அதில் ஊசி குத்துவதா வேண்டாமா என்பதை நானே முடிவு செய்வேன்” என்றார். வெட்டிப் பேசியவர், “உன் உடல் உனக்கு உரியதுதான், நீ விடும் மூச்சும் உன்னோடு நின்றுவிடுகிறதா?” என்று கேட்டார். இருவருக்கும் கைதட்டல் சமமாகவே கிடைத்தது. மூன்றாவதாக எழுந்தவர் ஓட்டப்பிடாரம் பக்கத்துச் சிற்றூரிலிருந்து வரும் மாணவி. “ஐயா, இவர்கள் இருவரும் சொல்வது எங்கள் ஊருக்குப் பொருந்தவில்லை. எங்கள் தெருவில் ஊசிக்கு அஞ்சியவர்கள் குறைவு, ஊசியை ஏற்றிக்கொண்டு வந்த ஜீப்பைக் கண்டு அஞ்சியவர்கள்தாம் அதிகம்” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். அவருக்குக் கைதட்டல் கிடைக்கவில்லை. எனக்கோ அன்று முழுவதும் அந்த வாக்கியமே காதில் ஒலித்துக்கொண்டிருந்தது.

முதலில் முகக்கவசத்தை எடுத்துக்கொள்வோம். இது புதிய பொருளன்று. 1910ஆம் ஆண்டின் இறுதியில் மஞ்சூரியாவில் நுரையீரலைத் தாக்கும் பிளேக் நோய் பரவி, ஏறக்குறைய 60,000 பேரைக் கொன்றது. சீன அரசாங்கம் அதை அடக்க அனுப்பிய மருத்துவர் வூ லியன்தே, நம் தமிழர்கள் பலர் குடியேறிய பினாங்குத் தீவில் 1879ஆம் ஆண்டு பிறந்தவர். அப்போது அவருக்கு வயது 31. நோய் எலியிலிருந்து தெள்ளுப்பூச்சி வழியாக மட்டும் பரவவில்லை, மனிதர் மூச்சின் வழியாகவே பரவுகிறது என்று அவர் கண்டார். பஞ்சை உள்ளே வைத்து மெல்லிய துணியை மடித்துக் கட்டும் கவசத்தை எல்லோரும் அணிய வேண்டும் என்றார். அவரைவிட வயதிலும் பதவியிலும் மூத்த மெஸ்னி என்னும் பிரெஞ்சு மருத்துவர் இதை ஏற்கவில்லை. கவசமின்றி நோயாளிகளைப் பார்க்கச் சென்றார். 1911ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் அதே நோயால் இறந்தார். அதன் பிறகு அந்நகரில் கவசம் அணியத் தயங்கியவர் குறைவு.

ஆனால் உலகம் இந்தப் பாடத்தை ஒருமுறை கேட்டுக் கற்றுக்கொண்டுவிடவில்லை. 1918ஆம் ஆண்டில் இன்புளுவென்சாக் காய்ச்சல் உலகெங்கும் பரவியது. இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கு மேற்பட்டோர் மாண்டனர். அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோ நகரில் அந்த ஆண்டு அக்டோபரில் கவசம் கட்டாயமாயிற்று. மீறியவர்களுக்கு அபராதமும் சிறையும் கிடைத்தன. நோய் தணிந்ததும் கட்டாயத்தை நீக்கினார்கள். 1919 ஜனவரியில் மீண்டும் கொண்டுவந்தபோது, கவச எதிர்ப்புச் சங்கம் என்றே ஒரு சங்கம் தோன்றிக் கூட்டம் கூட்டியது. நம் காலத்துச் சண்டைகளெல்லாம் நூறாண்டுகளுக்கு முன்பே ஒருமுறை நடந்து முடிந்தவை என்பதை நினைக்கும்போது சிரிப்பதா வருந்துவதா என்று தெரியவில்லை.

கவசம் அணிவதால் உண்மையில் பயன் உண்டா? இதற்கு விடை சொல்லும்போது நாம் நேர்மையாக இருக்க வேண்டும். 2020ஆம் ஆண்டின் தொடக்கத்தில் உலக சுகாதார நிறுவனமே பொதுமக்கள் எல்லோரும் கவசம் அணியுமாறு சொல்லவில்லை. ஜூன் மாதத்தில்தான் தன் அறிவுரையை மாற்றிக்கொண்டது. பின்னர் வங்காளதேசத்தில் 600 கிராமங்களில் ஒரு பெரிய ஆராய்ச்சி நடந்தது. பாதிக் கிராமங்களில் இலவசமாகக் கவசம் கொடுத்து, ஊர்ப் பெரியவர்களைக் கொண்டு எடுத்துச் சொல்லச் செய்தார்கள். அவ்வூர்களில் முறையாகக் கவசம் அணிவோர் நூற்றுக்கு 13 பேரிலிருந்து 42 பேராக உயர்ந்தனர். நோய்க்குறியோடு கூடிய தொற்று ஏறக்குறைய நூற்றுக்கு 9 பங்கு குறைந்தது. மருத்துவமனைகளில் பயன்படும் கவசத்தைக் கொடுத்த ஊர்களில், 60 வயதைக் கடந்தோரிடையே நூற்றுக்கு 35 பங்கு வரை குறைந்தது. ‘வெறும் 9 பங்குதானா?’ என்று ஓர் இளைஞர் கேட்கலாம். அவருக்கு அது 9. அவருடைய பாட்டிக்கு அது 35. கயிறு பிடிப்பவரின் கணக்கும் குளியாளியின் கணக்கும் ஒன்றாக இருப்பதில்லை.

இனி, மாணவி சொன்ன ஜீப்புக்கு வருவோம். அதை விளங்கிக்கொள்ள இக்கரையின் பழைய நினைவுகளைச் சிறிது புரட்டிப் பார்க்க வேண்டும்.

முத்துச் சலாபம் கூடும் இடம் ஒரு விந்தையான ஊர். தூத்துக்குடிக் கரையிலும், இலங்கையில் சிலாவத்துறை, மரிச்சுக்கட்டி முதலிய இடங்களிலும், வெறும் மணல்வெளியில் சில நாட்களுக்குள் ஓலைக் கொட்டகைகள் எழும். குளியாளிகள், வணிகர்கள், காவலர்கள், பிச்சைக்காரர்கள், கடைக்காரர்கள் என ஆயிரக்கணக்கானோர் வந்து குவிவார்கள். முத்தை எடுப்பதற்காகச் சிப்பியை அழுக விடுவது அக்கால வழக்கம். அந்த நாற்றத்தையும் அதில் மொய்க்கும் ஈக்களையும் எழுத்தில் வடிக்க இயலாது. நல்ல தண்ணீரோ அரிது. இத்தகைய இடத்திற்கு வாந்திபேதி வந்து சேராமல் இருக்குமா? குளிப்பு முடிவதற்கு முன்பே நோய்க்கு அஞ்சி மக்கள் கலைந்து ஓடியதும், சலாபத்தையே நிறுத்த நேர்ந்ததும் உண்டு. அரசாங்கத்தின் வருமானம் குளியாளியின் உடல்நலத்தில் தங்கியிருந்தது. ஆகவே மருத்துவமனைக் கொட்டகையும் மருத்துவரும் சலாபத்தின் இன்றியமையாத உறுப்புகளாயின.

இங்கே ஒரு சிறு செய்தியைச் சொல்லாமல் மேலே செல்ல மனம் வரவில்லை. சலாபத்தில் ‘கடற்கட்டி’ என்றொருவர் இருந்தார். மந்திரத்தால் சுறாமீனின் வாயைக் கட்டுபவர் என்று பெயர். அவர் இல்லாவிடில் குளியாளிகள் கடலில் இறங்கமாட்டார்கள். மந்திரத்தில் நம்பிக்கையற்ற வெள்ளைக்கார அதிகாரிகளும் அவருக்குச் சலாபத்தில் இடமளித்தார்கள். சுறாவைப் பற்றிய பாடத்தைக் குளியாளிக்கு நடத்துவதைவிட, அவர் நம்பும் ஒருவரைக் கரையில் நிறுத்துவது எளிது என்பதை அவர்கள் கண்டுகொண்டார்கள் போலும்.

நம்பிக்கையை இரவல் வாங்கும் இந்த முறையை அம்மைப்பால் குத்தும் வேலையிலும் பயன்படுத்தப் பார்த்தார் ஒருவர். பெரியம்மைக்கு மாட்டம்மைப் பாலைக் குத்தும் முறையை எட்வர்டு ஜென்னர் 1796ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் கண்டார். அது பாக்தாத், பாஸ்ரா வழியாகக் கைக்குக் கை குத்தப்பட்டு, 1802ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் பம்பாய்க்கு வந்து, அங்கிருந்து சென்னைக்கும் இலங்கைக்கும் பரவியது. தமிழ்நாட்டு மக்கள் அதை உடனே வரவேற்கவில்லை. அம்மை என்பது அவர்களுக்கு வெறும் நோயன்று. அம்மன் வீட்டுக்கு வந்திருக்கிறாள் என்பது நம்பிக்கை. அப்போது சென்னையில் கலெக்டராக இருந்த எல்லிஸ் துரை, தமிழ் நன்கு கற்றவர். திருக்குறளுக்கு உரை எழுதத் தொடங்கியவர். திராவிட மொழிகள் ஒரு தனிக் குடும்பம் என்று 1816ஆம் ஆண்டிலேயே எழுதியவர். அவர் ஒரு வழி கண்டார். தன்வந்தரியும் சக்தியும் உரையாடுவதுபோல் தமிழில் ஒரு கதை புனைந்து, மாட்டம்மைப்பால் தேவியே அருளிய பழைய மருந்து என்று அதில் எழுதினார். 1819ஆம் ஆண்டில் எல்லிஸ் இராமநாதபுரத்தில் காலமானார்.

அவருடைய நோக்கம் நல்லது என்பதில் ஐயமில்லை. எத்தனையோ குழந்தைகளைக் காக்கவே அவர் பொய் சொன்னார். ஆனால் எனக்கு அந்தக் கதை உவப்பாக இல்லை. ஏனெனில், எடுத்துச் சொன்னால் இவர்களுக்கு விளங்காது என்ற எண்ணம் அதன் அடியில் இருக்கிறது. உண்மையில் நம் மக்களுக்கு விளங்காத செய்தியா அது? அம்மை போட்ட வீட்டு வாசலில் வேப்பிலை செருகுவார்கள். அதைக் கண்டவர் உள்ளே வரமாட்டார். அவ்வீட்டார் விசேஷங்களுக்குப் போகமாட்டார்கள். தலைக்குத் தண்ணீர் விடும் வரை நோயாளியின் பாயும் பாத்திரமும் தனி. அம்மனின் பெயரால் செய்தாலும், ஒரு வீட்டார் தாமாகவே தம்மைப் பிரித்து வைத்துக்கொண்டு அண்டை அயலைக் காத்தார்கள். எந்தப் போலீஸ்காரரும் அந்த வாசலில் நின்றதில்லை. எல்லிஸ் அந்த வேப்பிலையிலிருந்து தொடங்கியிருந்தால் பொய்க்கு அவசியம் இருந்திராது என்பது என் எண்ணம்.

அடுத்து வந்தது முகாம். இலங்கைத் தேயிலை, ரப்பர்த் தோட்டங்களுக்கு நம் ஊர்களிலிருந்து கூலி வேலைக்குச் சென்றவர்கள் நோயைக் கொண்டுவந்துவிடக்கூடாது என்று இலங்கை அரசாங்கம் கருதியது. ஆகவே இந்திய மண்ணிலேயே, தூத்துக்குடிக்கு அருகில் தட்டப்பாறையிலும், பின்னர் பெருமளவில் மண்டபத்திலும், தடுப்பிருப்பு முகாம்கள் அமைந்தன. 1914ஆம் ஆண்டில் பாம்பன் பாலம் திறக்கப்பட்டு ரயிலும் கப்பலும் தனுஷ்கோடி, தலைமன்னார் வழியே செல்லத் தொடங்கியதும், தூத்துக்குடிக்கு இருந்த முதலிடம் மண்டபத்திற்குப் போயிற்று. தொழிலாளர்களைச் சில நாட்கள் முகாமில் நிறுத்தி, பிளேக், வாந்திபேதி, வைசூரி ஆகியவற்றின் அறிகுறி உண்டா என்று பார்த்து, அம்மைப்பால் குத்தி, அதன் பின்னரே கப்பலேற்றுவார்கள்.

மருத்துவ நோக்கில் இதில் குறை சொல்வதற்கு அதிகம் இல்லை. நோய் அடைகாக்கும் காலம் வரை நிறுத்திவைப்பது சரியான முறையே. ஆனால் வசதியுள்ள பயணிகள் அந்த முகாமில் நாட்களைக் கழிக்க வேண்டியதில்லை. கண்காணிப்புச் சீட்டு ஒன்றைப் பெற்றுக்கொண்டு பயணத்தைத் தொடரலாம். அக்கரையில் மருத்துவரிடம் தம்மைக் காட்டிக்கொண்டால் போதும். நோய்க்கிருமி பயணச் சீட்டின் வகுப்பைப் பார்த்து ஏறுவதில்லை. அதே ரயிலில் வந்த இருவருள் ஒருவரிடம், ‘உம்மை நம்புகிறோம், நீரே வந்து சொல்லும்’ என்றும், மற்றொருவரிடம், ‘உன்னை நம்பமாட்டோம், வேலிக்குள் இரு’ என்றும் சொன்னால், அந்த இரண்டாம் மனிதரின் பேரப்பிள்ளைகள் சுகாதார அதிகாரியைக் கண்டதும் என்ன நினைப்பார்கள்?

இந்தியாவின் பிற பகுதிகளிலும் இதே கதைதான். 1896ஆம் ஆண்டில் பம்பாயில் பிளேக் தோன்றியது. ஹாப்கின் என்னும் அறிஞர் அதற்குத் தடுப்பூசி செய்து, 1897 ஜனவரி 10ஆம் நாள் முதன்முதலாகத் தம் உடலிலேயே குத்திக்கொண்டார். அதே ஆண்டில் அரசாங்கம் தொத்துநோய்ச் சட்டத்தை இயற்றியது. புனாவில் படைவீரர்கள் வீடு வீடாகப் புகுந்து நோயாளிகளைத் தேடினார்கள். மக்களின் சினம் முற்றி, பிளேக் அதிகாரி ராண்டு ஜூன் மாதத்தில் சுடப்பட்டார். ஒரே நோய்க்கு ஒரே ஆண்டில் இருவேறு வழிகள்: ஒருவர் ஊசியை முதலில் தம் மேல் குத்திக்கொண்டார், மற்றவர் கதவைத் தட்டாமல் உள்ளே நுழைந்தார். 1897ஆம் ஆண்டின் அந்தச் சட்டத்தைத்தான் 2020ஆம் ஆண்டிலும் நம் அரசாங்கங்கள் கையில் எடுத்தன.

கட்டாயத்தை எதிர்த்தோர் படிப்பறியாதவர்கள் என்று எண்ணிவிடக்கூடாது. இங்கிலாந்தில் 1853ஆம் ஆண்டுச் சட்டம் குழந்தைகளுக்கு அம்மை குத்துவதைக் கட்டாயமாக்கியது. நெடுங்காலம் எதிர்ப்பு நடந்தபின், 1898ஆம் ஆண்டில் மனச்சான்றின் பெயரால் மறுக்கும் பெற்றோருக்கு விலக்கு அளித்தார்கள். காந்தியடிகளும் அம்மை குத்துவதை ஏற்காதவர். அவர் கூறிய காரணங்களை இன்றைய மருத்துவ அறிவு ஏற்காது. பெரியம்மை இன்று உலகில் இல்லை. 1980ஆம் ஆண்டு மே மாதத்தில் உலக சுகாதார நிறுவனம் அதன் ஒழிவை அறிவித்தது. அம்மைப்பால் இல்லாமல் அது நடந்திராது. ஆயினும், மறுத்தவர் எல்லோரையும் மூடர் என்று ஒதுக்கினால், அவர்கள் கேட்ட கேள்வி மட்டும் ஒதுங்காமல் நின்றுகொண்டிருக்கும்.

இந்த நினைவுகளோடு 2020ஆம் ஆண்டிற்கு வருவோம். மார்ச் 25 முதல் நாடு முழுவதும் ஊரடங்கு. ஜூன் 2ஆம் நாள், நம் கடற்படையின் ஜலாஷ்வா என்னும் கப்பல், கொழும்பில் சிக்கியிருந்த ஏறத்தாழ 700 இந்தியர்களை ஏற்றிக்கொண்டு தூத்துக்குடித் துறைமுகத்தை அடைந்தது. பின்னர் மாலத்தீவிலிருந்தும், ஜூலை 1ஆம் நாள் ஈரான் நாட்டிலிருந்தும் மக்களைக் கொண்டுவந்தது. ஈரானில் மீன்பிடி வேலைக்குச் சென்ற நம் கடற்கரை மக்கள் அவர்களுள் பலர். ஒரு காலத்தில் தட்டப்பாறையில் காத்திருந்து எந்தக் கொழும்புக்குப் போனார்களோ, அதே கொழும்பிலிருந்து திரும்பி, இப்போது இக்கரையில் சோதனைக்கும் தனித்திருப்புக்கும் உட்பட்டார்கள்.

அதே ஜூன் மாதத்தில், இதே மாவட்டத்துச் சாத்தான்குளத்தில், ஊரடங்கில் அனுமதித்த நேரத்தைக் கடந்து கடையைத் திறந்து வைத்திருந்ததாகக் குற்றஞ்சாட்டப்பட்டு, வணிகர்களான தந்தையும் மகனும் காவல்நிலையத்திற்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள். சில நாட்களுக்குள் இருவரும் உயிருடன் இல்லை. உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதைத் தானே விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. மத்தியப் புலனாய்வுத் துறை காவலர்கள்மீது கொலைக் குற்றம் சாட்டி வழக்குத் தொடர்ந்தது. நோயிலிருந்து உயிரைக் காப்பதற்கென்று வகுத்த விதி அது. மாணவி சொன்ன ஜீப் எந்த ஜீப் என்று இப்போது உங்களுக்கு விளங்கும்.

அபராதம் விதிப்பதே தவறு என்பது என் கருத்தன்று. 1939ஆம் ஆண்டிலேயே பொதுச் சுகாதாரத்திற்கென ஒரு சட்டம் செய்த மாகாணம் நம்முடையது. 2020 செப்டம்பரில் அதைத் திருத்தி, கவசம் அணியாதவருக்கு 200 ரூபாய் அபராதம் விதித்தார்கள். சட்டம் எழுத்தில் இருந்து, அது எல்லோருக்கும் ஒன்றாக இருந்து, ரசீதோடு முடியுமானால், அதைக் கொடுமை என்று சொல்ல மாட்டேன். குடை பிடிப்பதா வேண்டாமா என்பது என் விருப்பம். என் வீட்டுச் சாக்கடையைத் தெருவில் விடுவது என் விருப்பமன்று. கவசம் இரண்டாவது வகையைச் சேர்ந்தது.

தடுப்பூசியின் நிலை இன்னும் சிக்கலானது. 2021 ஜனவரி 16ஆம் நாள் நம் நாட்டில் ஊசி போடத் தொடங்கினார்கள். ஏப்ரல் 15ஆம் நாள் நடிகர் விவேக், மக்களுக்கு அச்சம் நீங்க வேண்டும் என்பதற்காகவே, சென்னை அரசு மருத்துவமனையில் பலர் காண ஊசி போட்டுக்கொண்டார். இரண்டு நாட்களில் மாரடைப்பால் காலமானார். அச்சத்தைப் போக்க முன்வந்தவரின் மரணமே அச்சத்தை வளர்த்தது. மத்திய அரசின் வல்லுநர் குழு ஆராய்ந்து, ஊசிக்கும் அவர் மரணத்திற்கும் தொடர்பில்லை என்று முடிவு கூறியது அக்டோபர் மாதத்தில். ஆறு மாதங்கள் வதந்திக்குப் போதுமான காலம். ஆறு நாட்களே போதும்.

அந்த இடைவெளியில் என்ன சொல்லியிருக்க வேண்டும்? ‘ஊசியால் ஒரு தீங்கும் வராது’ என்று பலர் சொன்னார்கள். அது உண்மையன்று. கோவிஷீல்டு வகை ஊசி மிகச் சிலருக்கு இரத்தம் உறையும் கோளாற்றை உண்டாக்கியது 2021ஆம் ஆண்டிலேயே பல நாடுகளில் அறியப்பட்ட செய்தி. ஊசி போட்டவரால் நோய் பரவாது என்று சொன்னதும் முழு உண்மையன்று. ஊசி கடுமையான நோயையும் மரணத்தையும் வெகுவாகக் குறைத்தது. பரவுவதையோ ஓரளவுதான், அதுவும் சில மாதங்களுக்குத்தான் குறைத்தது. 2021 இறுதியில் ஓமைக்ரான் வகை வந்தபின் அந்தப் பயன் மேலும் சுருங்கியது. இந்த உண்மைகளைச் சொன்னால் மக்கள் ஊசியை மறுத்துவிடுவார்கள் என்று எண்ணியவர்கள், எல்லிஸ் துரையின் கதையையே வேறு சொற்களில் எழுதினார்கள்.

உச்சநீதிமன்றம் 2022 மே 2ஆம் நாள் வழங்கிய தீர்ப்பு இந்த விவாதத்தில் முக்கியமானது. எவரையும் வற்புறுத்தி ஊசி போட முடியாது. உடலின்மீது ஒருவருக்குள்ள உரிமையை அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு காக்கிறது என்றது நீதிமன்றம். அதே மூச்சில், சமுதாயத்தின் நலனுக்காக அரசாங்கம் அளவான கட்டுப்பாடுகளை விதிக்கலாம் என்றும் கூறியது. தொற்று குறைந்திருந்த அந்நாளில், ஊசி போடாதவர் பொது இடங்களுக்கு வரக்கூடாது என்னும் தடை அளவை மீறியது என்று கருதியது. ஊசியால் நேரும் தீங்குகளைப் பற்றிய செய்திகளைத் தாமதமின்றி மக்கள் அறிய வெளியிட வேண்டும் என்றும் ஆணையிட்டது. சொற்போரில் ஒட்டிப் பேசியவரும் வெட்டிப் பேசியவரும் இந்தத் தீர்ப்பில் தத்தமக்கு வேண்டிய பாதியை எடுத்துக்கொண்டார்கள். கடைசி ஆணையை இருவரும் குறிப்பிடவில்லை. எனக்கு அதுவே தீர்ப்பின் உயிராகத் தோன்றுகிறது.

கூட்டம் முடிந்ததும் அந்த மாணவியைத் தேடிப் பேசினேன். அவருடைய பாட்டி இலங்கை மலைநாட்டில் தோட்டத்து லயத்தில் பிறந்தவர். ஒப்பந்தத்தின்படி தாயகம் திரும்பியோருள் ஒருவர். பாட்டியின் தாய், சிறுமியாக மண்டபம் முகாமில் அடைபட்ட கதையை இறக்கும் வரை சொல்லிக்கொண்டிருந்தாராம். 2021ஆம் ஆண்டு கோடையில் பாட்டி ஊசி வேண்டாம் என்று உறுதியாகச் சொல்லிவிட்டார். ஒலிபெருக்கி வைத்த வண்டி மும்முறை வந்து போயிற்று. ஒவ்வொரு முறையும் பாட்டி கதவைச் சாத்திக்கொண்டார்.

செப்டம்பர் மாதத்தில், ஞாயிற்றுக்கிழமைகளில் பெரிய முகாம்கள் நடத்தத் தொடங்கியபோது, அவ்வூர்க் கிராம சுகாதாரச் செவிலியர் முதல் நாள் மாலையே வந்து திண்ணையில் உட்கார்ந்தாராம். பேத்தியின் பிரசவம் வரை பல காரியங்களில் அவ்வீட்டாருக்கு அறிமுகமானவர். பாட்டி நேராகக் கேட்டார்: “இதைப் போட்டால் எனக்கு ஒன்றும் ஆகாதென்று சொல்லுவியா, தாயி?” செவிலியர், “அப்படிச் சொல்லமாட்டேன், பாட்டி. இரண்டு நாள் காய்ச்சல் அடிக்கும். கை வலிக்கும். ஆயிரம் ஆயிரம் பேரில் யாருக்காவது பெரிய தொந்தரவும் வரலாம். நோய் வந்தால் உங்கள் வயதுக்கு அதைவிட எத்தனையோ பங்கு ஆபத்து. நான் போட்டுக்கொண்டேன், என் அம்மாவுக்கும் போட்டுவிட்டேன். நாளைக்கு ராத்திரி காய்ச்சல் வந்தால் எந்த நேரமானாலும் எனக்குப் போன் போடுங்கள்” என்றாராம்.

பாட்டி உடனே விடை சொல்லவில்லை. சேலைத் தலைப்பை விலக்கி, இடது புஜத்தில் காசு அளவுக்கு இருந்த பழைய அம்மைத் தழும்பைச் செவிலியருக்குக் காட்டினார். “இதைக் குத்தும்போது எவரும் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை” என்றார். மறுநாள் காலை, பள்ளிக்கூடத்து வராந்தாவில் போட்டிருந்த பெஞ்சியில், பேத்திக்கு முன்னால் போய் உட்கார்ந்திருந்தாராம். அன்றிரவு காய்ச்சல் அடித்தது. பாட்டி சொல்லச் சொல்ல, பேத்தி செவிலியருக்குப் போன் செய்தாள்; இரண்டாம் மணியிலேயே அவர் எடுத்துப் பேசினார்.